விசையை அழுத்தியதும் கெர்னலுக்குள் என்ன நடக்கிறது: லினக்ஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து "ஸ்லீப் 20" என்று கட்டளை கொடுங்கள். இருபது நொடி எதுவும் செய்யாமல் தூங்குவதுதான் அந்த நிரலின் ஒரே வேலை. அது தூங்கும்போதே எதையாவது தட்டிப் பாருங்கள். எழுத்துகள் திரையில் வந்து விழும். ஸ்லீப் கீபோர்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்லோ ஸ்லீப் முடியட்டும் என்று காத்திருக்கிறது. அப்படியானால் எழுத்தைத் திரையில் போட்டது யார்? இருபது நொடி முடிந்ததும் நீங்கள் தட்டியதெல்லாம் ஷெல்லின் கட்டளை வரியில் வந்து நிற்கும். அதுவரை அதை வைத்துக் காத்தது யார்?

இரண்டுக்கும் பதில் கெர்னல், அதாவது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவே நிற்கும் இயங்குதளத்தின் மையப் பகுதி. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். பாதை முழுக்க ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்: கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, இடத்தின் எண்ணைத்தான் அனுப்புகிறது. அந்த எண் எப்போது எழுத்தாகிறது, யாரால் ஆகிறது என்பது தெரிந்துவிட்டால், கீபோர்டு சம்பந்தமான பாதிக் குழப்பங்கள் தீர்ந்துவிடும். தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

வழியில் செய்து பார்க்கச் சில சோதனைகள் தருகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: கீபோர்டுக்குள் இருக்கும் குட்டிக் கணினி

விசைகளுக்குக் கீழே வரிசையும் நெடுக்குமாகக் கம்பிகள் பின்னியிருக்கும். நூறு விசைக்கு நூறு கம்பி இழுக்காமல், குறுக்கே சில, நெடுக்கே சில என்று வைத்து, அவை சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு விசை. கீபோர்டிலேயே உள்ள மைக்ரோகன்ட்ரோலர் ஒவ்வொரு வரிசைக்கும் மாறி மாறி மின்னழுத்தம் கொடுத்து, எந்த நெடுக்கில் அது திரும்பி வருகிறது என்று நொடிக்குப் பல நூறு முறை பார்க்கிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 83 விசை கீபோர்டிலேயே இன்டெல் 8048 என்ற சில்லு இந்த வேலையைச் செய்தது.

உலோகமும் உலோகமும் தொடும்போது ஒரே தொடுகையாகப் படியாது. சில மில்லிநொடிகள் துள்ளும். அந்தத் துள்ளலை விசை அழுத்தமாக எண்ணிவிடக் கூடாது என்பதால், நிலை அமைதியாகும் வரை மைக்ரோகன்ட்ரோலர் கொஞ்சம் பொறுத்திருக்கும். இதை மனதில் வைத்திருங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

படி 2: எண் எப்படிக் கணினிக்கு வருகிறது

இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

பழைய வழி பிஎஸ்/2. பழைய கணினிகளில் கீபோர்டைச் செருகும் வட்டத் துளை இதற்கானதுதான். உங்கள் மடிக்கணினியில் அந்தத் துளை இல்லாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் கீபோர்டு பல மடிக்கணினிகளில் இன்றும் இந்த வழியில்தான் பேசுகிறது. இதில் விசையை அழுத்தினால் ஒரு எண், விட்டால் இன்னொரு எண். "ஏ" விசையை அழுத்தினால் 30, விட்டால் அதோடு 128 கூட்டி 158. இவற்றுக்கு ஸ்கேன்கோடு என்று பெயர். அழுத்தியதையும் விட்டதையும் தனித்தனியாகச் சொல்வதால்தான் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையைத் தட்டுவது சாத்தியமாகிறது. பிற்காலத்தில் சேர்ந்த அம்பு விசைகள், வலப்பக்க கன்ட்ரோல் போன்றவற்றுக்கு முன்னால் 224 என்ற ஒரு முன்னொட்டு பைட் வரும். பாஸ் (இடைநிறுத்த) விசை மட்டும் விசித்திரமானது. அழுத்தினால் ஒரே மூச்சில் ஆறு பைட் அனுப்பும், விட்டால் ஒன்றும் அனுப்பாது.

இதற்குள் ஒரு சின்ன வரலாறும் இருக்கிறது. 1984-இல் ஐபிஎம் ஏடி வந்தபோது கீபோர்டு வேறொரு ஸ்கேன்கோடு வரிசைக்கு மாறிவிட்டது. ஆனால் அப்போதைய மென்பொருள்கள் 1981-இன் எண்களையே எதிர்பார்த்தன. அதனால் தாய்ப்பலகையில் இருந்த இன்டெல் 8042 சில்லு, புதிய எண்ணைப் பழைய எண்ணாக மொழிபெயர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. அந்த மொழிபெயர்ப்பு இன்னும் நடக்கிறது. லினக்ஸில் "/ப்ராக்/பஸ்/இன்புட்/டிவைசஸ்" கோப்பைத் திறந்தால், பல மடிக்கணினிகளில் "ஏடி டிரான்ஸ்லேட்டட் செட் 2 கீபோர்டு" என்ற பெயர் தெரியும். அந்த "டிரான்ஸ்லேட்டட்" இதுதான்.

யுஎஸ்பி வழி முற்றிலும் வேறு. இதில் கீபோர்டு தானாகப் பேசவே முடியாது. யுஎஸ்பி கன்ட்ரோலர்தான் குறிப்பிட்ட இடைவெளியில், சாதாரண கீபோர்டுகளில் 8 அல்லது 10 மில்லிநொடிக்கு ஒரு முறை, "ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும். இருந்தால் கீபோர்டு 8 பைட் கொண்ட அறிக்கையைத் தரும். முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் போன்றவற்றுக்கு ஆளுக்கு ஒரு பிட். இரண்டாவது காலி. மீதி ஆறில், அந்த நேரத்தில் அழுந்தியிருக்கும் விசைகளின் எண்கள். இடது ஷிஃப்டோடு "ஏ" அழுத்தினால் அறிக்கை இப்படி வரும்:

2, 0, 4, 0, 0, 0, 0, 0

எல்லாவற்றையும் விட்டுவிட்டால் எட்டும் பூஜ்யம். அதாவது பிஎஸ்/2 "என்ன மாறியது" என்று சொல்கிறது. யுஎஸ்பி "இப்போது எது எது அழுந்தியிருக்கிறது" என்று சொல்கிறது. முந்தைய அறிக்கையோடு ஒப்பிட்டு, எது புதிதாக அழுந்தியது, எது விடுபட்டது என்று கண்டுபிடிப்பது கெர்னலின் பொறுப்பு. ஆறு விசைக்கு மேல் ஒரே நேரத்தில் பிடித்தால் இந்த எளிய அறிக்கையில் இடமில்லை. அப்போது ஆறு இடத்திலும் 1 என்று நிரப்பி, "என்னால் சொல்ல முடியவில்லை" என்று கீபோர்டு கைவிரித்துவிடும்.

படி 3: இன்டரப்ட், வேலைக்கு நடுவே ஒரு தட்டல்

நீங்கள் விசையைத் தட்டும் நேரத்தில் சிபியு வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும். காணொளி ஓடலாம், கோப்பு சுருங்கிக்கொண்டிருக்கலாம். "விசை வந்ததா, வந்ததா" என்று அது திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. ஆகவே 8042 சில்லு பைட் வந்ததும் ஐஆர்க்யூ 1 என்ற கோட்டை உயர்த்துகிறது. யுஎஸ்பியானால், அறிக்கை வந்து சேர்ந்ததும் யுஎஸ்பி கன்ட்ரோலர் தன்னுடைய இன்டரப்டை எழுப்புகிறது.

சிபியு, கையில் இருக்கும் கட்டளையை முடித்ததும் இன்டரப்ட் காத்திருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், எந்த முகவரியில் நின்றோம், ஃபிளாக்குகள் என்ன, ஸ்டாக் (தற்காலிகக் குறிப்புகளை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதி) எங்கே இருந்தது என்பதையெல்லாம் கெர்னலின் ஸ்டாக்கில் எழுதி வைக்கும். பிறகு 256 இடங்கள் கொண்ட இன்டரப்ட் அட்டவணையில் அந்த எண்ணுக்குரிய முகவரியை எடுத்து அங்கே தாவும். ஓடிக்கொண்டிருந்த நிரலுக்கு இது நடந்ததே தெரியாது. கதவு தட்டுகிறார்கள் என்று அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து கிளறுவது மாதிரி.

அப்படித் தாவிய இடத்தில் இருக்கும் கெர்னல் நிரல்பகுதிக்கு ஹேண்ட்லர் என்று பெயர். அது செய்ய வேண்டியது மிகக் குறைவு. பிஎஸ்/2 என்றால், 64 என்ற பதினாறடிமான எண் கொண்ட போர்ட்டில் நிலையைப் பார்த்து, பைட் காத்திருந்தால் 60 என்ற போர்ட்டிலிருந்து அதை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டேன் என்று இன்டரப்ட் கன்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த இரண்டில் ஒன்றை விட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கற்றுக்கொள்வதற்காகக் கியூஎமு என்ற போலிக் கணினி மென்பொருளில் ஓடும் ஒரு சின்னக் கெர்னல் எழுதினேன். முதல் விசை அழகாக வந்தது. இரண்டாவது விசைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. இன்டரப்ட் அட்டவணையை இரண்டு இரவுகள் வரி வரியாகச் சரிபார்த்தேன். அட்டவணையில் குற்றமில்லை. "வேலை முடிந்தது" என்று பழைய 8259 கன்ட்ரோலருக்கு அனுப்ப வேண்டிய 32 என்ற எண்ணை நான் அனுப்பவே இல்லை. அது வரும் வரை அடுத்த விசையை அந்தச் சில்லு தடுத்துக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்த பிறகு, பைட்டை எடுக்கும் வரியை வேண்டுமென்றே நீக்கிப் பார்த்தேன். அப்போதும் அதே அறிகுறி. பழைய பைட் எடுக்கப்படாமல் கிடந்தால் 8042 அடுத்த இன்டரப்டை எழுப்பாது. நீங்கள் சொந்தமாகக் கெர்னல் எழுதி, ஒரே ஒரு விசை மட்டும் வேலை செய்தால், முதலில் இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 8259 தொடக்கத்தில் ஐஆர்க்யூ 0 முதல் 7 வரை உள்ளவற்றை 8 முதல் 15 வரையிலான அட்டவணை எண்களுக்கு அனுப்பும்படி அமைந்திருக்கும். அந்த எண்களை இன்டெல் சிபியு தன் பிழை அறிவிப்புகளுக்கு ஒதுக்கிவிட்டது. 8 என்பது டபுள் ஃபால்ட், அதாவது ஒரு பிழையைக் கவனிக்கும்போதே இன்னொரு பிழை. மாற்றி அமைக்காவிட்டால், வெறும் டைமர் துடிப்பே டபுள் ஃபால்ட் போலத் தெரிந்து உங்களை அலைக்கழிக்கும். அதனால் இவற்றை 32-இலிருந்து தொடங்கும்படி நகர்த்துவது வழக்கம். கீபோர்டு அப்போது 33-இல் வந்து நிற்கும்.

உண்மையான லினக்ஸில் இதைக் கண்ணால் பார்க்கலாம். "வாட்ச் -என் 1 கேட் /ப்ராக்/இன்டரப்ட்ஸ்" என்று கொடுத்து, "ஐ8042" என்று முடியும் 1-ஆம் வரியைக் கவனித்துக்கொண்டே மடிக்கணினியின் விசையைத் தட்டுங்கள். ஒரு தட்டலுக்கு எண் குறைந்தது இரண்டாவது ஏறும், அழுத்தியதற்கு ஒன்று, விட்டதற்கு ஒன்று. ஏறவில்லை என்றால் உங்கள் கீபோர்டு யுஎஸ்பி வழியாகவோ வேறு வழியாகவோ வருகிறது என்று பொருள். யுஎஸ்பி என்றால் "எக்ஸ்எச்சிஐ" என்ற பெயர் உள்ள வரியைப் பாருங்கள்.

படி 4: இன்புட் கோர், எல்லா எண்களும் ஒரே எண்ணாகும் இடம்

பிஎஸ்/2 கீபோர்டு "ஏ"-க்கு 30 என்கிறது, யுஎஸ்பி கீபோர்டு 4 என்கிறது. யுஎஸ்பியை வகுத்தவர்கள் அகரவரிசைப்படி எண் போட்டார்கள்: ஏ 4, பி 5, சி 6. இந்த வேறுபாட்டை மேலே இருக்கும் நிரல்கள் ஒவ்வொன்றும் சமாளிக்க வேண்டியிருந்தால் தலைவலிதான். லினக்ஸில் டிரைவர்கள், அதாவது ஒவ்வொரு வகைக் கருவியோடும் பேசும் கெர்னல் பகுதிகள், இதைத் தங்களோடு முடித்துக்கொள்கின்றன. பிஎஸ்/2-க்கு "ஏடிகேபிடி" என்ற டிரைவர். யுஎஸ்பிக்கு "ஹிட்" டிரைவர். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டவணை உண்டு. யுஎஸ்பி அட்டவணையில் 4-ஆம் இடத்தில் 30, 5-ஆம் இடத்தில் 48, 6-ஆம் இடத்தில் 46. வெளியே வரும் எண்ணுக்குக் கீகோடு என்று பெயர்.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கவனித்தீர்களா? 1981-இன் ஸ்கேன்கோடு அது. லினக்ஸ் தன் கீகோடுகளுக்கு அதே எண்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. நேற்று வாங்கிய யுஎஸ்பி கீபோர்டும் கெர்னலுக்குள் நுழைந்ததும் அந்தப் பழைய எண்ணைத்தான் சுமக்கிறது. இது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கும்.

டிரைவர் கீகோடை "இன்புட் கோர்" என்ற பொது இடத்தில் ஒப்படைக்கிறது. அங்கே அது ஒரு நிகழ்வாகப் பதிவாகிறது: நேரம், வகை, குறியீடு, மதிப்பு. 64-பிட் கணினியில் ஒரு நிகழ்வுக்கு 24 பைட். மதிப்பு 1 என்றால் அழுத்தியது, 0 என்றால் விட்டது, 2 என்றால் பிடித்தபடியே இருப்பதால் வந்த மறுபதிவு. யுஎஸ்பி கீபோர்டில் இந்த மறுபதிவைக் கெர்னலின் டைமரே உருவாக்குகிறது. இயல்பாக 250 மில்லிநொடி காத்திருப்பு, அப்புறம் 33 மில்லிநொடிக்கு ஒன்று.

இதைப் பார்க்க "எவ்டெஸ்ட்" என்ற கருவியை நிறுவி, "சூடோ எவ்டெஸ்ட்" என்று கொடுத்து, பட்டியலில் உங்கள் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். யுஎஸ்பி கீபோர்டில் "ஏ" விசையை அழுத்தியதும், தமிழில் எழுதினால் இப்படி இருக்கும் மூன்று வரிகள் வரும்:

வகை 4, குறியீடு 4 (ஸ்கேன்), மதிப்பு 70004
வகை 1 (விசை), குறியீடு 30 (கீ_ஏ), மதிப்பு 1
அறிக்கை முடிந்தது

முதல் வரியின் 70004 பதினாறடிமான எண். முன்னால் உள்ள 7 "இது கீபோர்டுப் பிரிவு" என்கிறது. கடைசியில் உள்ள 4 யுஎஸ்பியின் "ஏ". இரண்டாவது வரியில் அது 30 ஆகிவிட்டது. மொழிபெயர்ப்புக்கு முன்னும் பின்னும் இரண்டையும் ஒரே திரையில் பார்க்கிறீர்கள். மூன்றாவது வரி, இதோடு ஒரு தொகுப்பு முடிந்தது என்பதற்கான முத்திரை.

இப்போது ஷிஃப்டோடு தட்டிப் பாருங்கள். பெரிய எழுத்து வராது. 42 அழுந்தியது, 30 அழுந்தியது, 30 விடுபட்டது, 42 விடுபட்டது என்றுதான் வரும். தமிழ் உள்ளீட்டு முறையை இயக்கிவிட்டுத் தட்டுங்கள். அப்போதும் 30 மட்டுமே. இந்த இடத்தில் மொழியே கிடையாது.

விசை தட்டிய நேரத்தின் மிகச் சிறிய வேறுபாடுகளைக் கெர்னல் தன் ரேண்டம் எண் கிடங்கிலும் கலந்துகொள்கிறது. மனித விரலின் ஒழுங்கின்மைக்கு அங்கே பயன் இருக்கிறது.

பாதுகாப்பு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "/டெவ்/இன்புட்" அடைவில் உள்ள ஈவன்ட் கோப்புகளைப் படிக்க முடிகிற எந்த நிரலும் நீங்கள் தட்டும் ஒவ்வொரு கடவுச்சொல்லையும் படிக்க முடியும். அதனால்தான் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கும் "இன்புட்" குழுவுக்கும் மட்டும் அந்த அனுமதி இருக்கிறது. ரூட் அதிகாரம் கேட்டு ஒவ்வொரு முறையும் சூடோ தட்டுவது தொல்லையாக இருக்கிறதே என்று உங்கள் பயனரை அந்தக் குழுவில் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

படி 5: பாதை பிரியும் இடம்

இன்புட் கோரிலிருந்து ஒரே நிகழ்வு ஒரே நேரத்தில் பலருக்குப் போகிறது. "/ப்ராக்/பஸ்/இன்புட்/டிவைசஸ்" கோப்பில் கீபோர்டின் கீழே "ஹேண்ட்லர்ஸ்" என்ற வரியில் அவர்கள் பெயர் இருக்கும்: சிஸ்ஆர்க்யூ, கேபிடி, ஈவன்ட்3 என்பது மாதிரி.

ஈவன்ட்3 என்பது நாம் எவ்டெஸ்டில் பார்த்த வழி. வரைகலைத் திரைக்கு எண்கள் இதன் வழியாகத்தான் போகின்றன. கேபிடி என்பது கெர்னலின் சொந்த எழுத்துத் திரைக்கானது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருமே, அந்தக் கறுப்புத் திரை. எண் முதன்முதலாக எழுத்தாவது இந்த வழியில்தான். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கீமேப், கீகோடையும் ஷிஃப்ட், கன்ட்ரோல் நிலையையும் சேர்த்துப் பார்த்து எழுத்தைத் தீர்மானிக்கிறது. அந்தத் திரையில் "டம்ப்கீஸ்" என்று கொடுத்தால் முழு அட்டவணையும் கொட்டும். "லோட்கீஸ்" கொண்டு அதை மாற்றலாம். 1991-இல் வெளிவந்த முதல் லினக்ஸில் இந்த வசதியெல்லாம் இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கியில் எழுதிய அந்தக் கெர்னலில் ஃபின்லாந்து கீபோர்டின் அட்டவணை நிரலோடு நிரலாகப் பதிக்கப்பட்டிருந்தது.

வரைகலைத் திரை ஓடும்போது கேபிடி வழியை அணைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் நீங்கள் உலாவியில் தட்டும் கடவுச்சொல், பின்னால் மறைந்திருக்கும் எழுத்துத் திரையிலும் போய் விழும்.

சிஸ்ஆர்க்யூ தனிக் கிளை. ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒரு எழுத்தைத் தட்டினால், எந்த நிரலையும் கேட்காமல் கெர்னலே செயல்படும். திரை உறைந்துபோய் எதற்கும் அசையாத நேரத்தில் எஸ், யு, பி என்று இடைவெளி விட்டுத் தட்டுங்கள். வட்டில் எழுத வேண்டியதை எழுதி, வட்டைப் படிக்க மட்டும் என்று மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்யும். மின்விசையைப் பிடித்து அணைப்பதைவிட இது எவ்வளவோ மேல். உபுண்டுவில் இதற்கான இயல்பு மதிப்பு 176, அதாவது 16, 32, 128 ஆகிய மூன்றின் கூட்டு. மேலே சொன்ன மூன்று செயல்களுக்கும் ஆளுக்கு ஒரு எண்.

படி 6: டிடிஒய், ஸ்லீப் புதிருக்கு விடை

எழுத்தாக மாறியது நேராக நிரலுக்குப் போவதில்லை. டெர்மினலைக் கவனிக்கும் கெர்னல் பகுதிக்கு டிடிஒய் என்று பெயர். அதில் நடுவில் "லைன் டிசிப்ளின்" என்ற அடுக்கு இருக்கிறது. தொடக்கத்தில் ஸ்லீப் ஓடும்போது எழுத்தைத் திரையில் போட்டதும், பத்திரமாக வைத்திருந்ததும் இதுதான். வரைகலைத் திரையின் டெர்மினல் சாளரமும் இதே அடுக்கைத்தான் பயன்படுத்துகிறது. அதனால்தான் சோதனை அங்கேயும் பலித்தது.

இயல்பு நிலையில் இது ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வரும் ஒவ்வொரு எழுத்தையும் திரைக்கு எதிரொலிக்கும். கடவுச்சொல் கேட்கும் நிரல்கள் இந்த எதிரொலியை மட்டும் அணைத்துவிடுகின்றன. என்டர் தட்டிய பிறகே வரி நிரலின் கைக்குப் போகும். அதுவரை பேக்ஸ்பேஸ் அழித்துத் திருத்துவதும் கெர்னலின் வேலையே.

சில எழுத்துகளை இது நிரலுக்குத் தராமல் தானே விழுங்கிவிடும். கன்ட்ரோல்-சி அதில் ஒன்று. "சி"யின் எண் 99. கன்ட்ரோலோடு சேரும்போது கீழ் ஐந்து பிட் மட்டும் நின்று 3 ஆகிறது. 3 வந்ததும் கெர்னல் முன்னணியில் ஓடும் நிரல் கூட்டத்துக்கு "நிறுத்து" என்ற சிக்னலை அனுப்புகிறது. நிரல் முடிவில்லாச் சுழற்சியில் சிக்கி எதையும் படிக்காமல் இருந்தாலும் கன்ட்ரோல்-சி வேலை செய்வது இதனால்தான். கன்ட்ரோல்-எஸ் தட்டினால் திரைக்கு எழுதுவது நின்றுவிடும். டெர்மினல் செத்துவிட்டது என்று பயந்து மூடிவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கன்ட்ரோல்-க்யூ தட்டினால் போதும். கன்ட்ரோல்-டி "கோப்பு முடிந்தது" என்ற எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் "கையில் இருப்பதை இப்போதே கொடு" என்பதுதான் அதன் பொருள். கையில் ஒன்றும் இல்லாதபோது நிரலுக்குப் பூஜ்யம் பைட் கிடைக்கிறது. அதை நிரல் முடிவு என்று எடுத்துக்கொள்கிறது.

இனி தமிழ் எழுத்து இந்த அடுக்கில் படும் பாடு. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் "அ" என்பது மூன்று பைட்: 224, 174, 133. பேக்ஸ்பேஸ் தட்டினால் ஒரு பைட்டை அழிப்பதா, மூன்றையுமா? டெர்மினல் சாளரத்தில் இதைச் செய்யுங்கள்: "எஸ்டிடிஒய் -ஐயுடிஎஃப்8" என்று கொடுத்துவிட்டு, படித்ததை அப்படியே வெளியிடும் "கேட்" நிரலின் வெளியீட்டைப் பைப் குறி போட்டு, பைட்டுகளை எண்களாகக் காட்டும் "ஓடி -ஏஎன் -டியு1" கட்டளைக்கு அனுப்புங்கள். "அ" தட்டி, ஒரு பேக்ஸ்பேஸ், ஒரு என்டர், பிறகு கன்ட்ரோல்-டி. 224 174 10 என்று வரும். கடைசி பைட் மட்டும் அழிந்து, எழுத்து பாதியில் உடைந்து கிடக்கிறது. "எஸ்டிடிஒய் ஐயுடிஎஃப்8" என்று திருப்பி வைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். 10 மட்டும்தான் வரும். ஐயுடிஎஃப்8 என்ற இந்த அமைப்பு லினக்ஸ் 2.6.4-இல் சேர்ந்தது. இது இருந்தால், கெர்னல் எழுத்தின் முதல் பைட் வரை பின்னோக்கிப் போய் அழிக்கும்.

ஆனாலும் "கி" போன்ற உயிர்மெய்யில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. நமக்கு அது ஒரே எழுத்து. கணினிக்கு "க" ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டு. பேக்ஸ்பேஸ் கொக்கியை மட்டும் அழிக்கும். ஒவ்வொன்றும் திரையில் ஒரு கட்டத்தை அடைக்கிறது என்று கெர்னல் கணக்குப் போடுவதால், புள்ளியும் கொக்கியும் நிறைந்த தமிழ் வரியில் திரையில் தெரிவதும் கெர்னலின் தற்காலிகச் சேமிப்பான பஃபரில் இருப்பதும் சில நேரம் விலகிப் போகும். சந்தேகம் வந்தால் கன்ட்ரோல்-யு தட்டி வரியையே அழித்துவிட்டு மறுபடி தட்டுவது நல்லது. கெர்னலின் சொந்தக் கறுப்புத் திரையிலோ தமிழே ஒழுங்காகத் தெரியாது. அதிகபட்சம் 512 வடிவங்கள் கொண்ட எழுத்துரு, அதிலும் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கும் திறன் கிடையாது.

இந்த அடுக்கு ஒரு வரிக்கு 4095 பைட் வரைதான் சேர்க்கும். தமிழில் குறிக்கு மூன்று பைட் என்றால் 1365 குறிகள். "கேட்" போன்ற நிரலில் நீண்ட பத்தியை ஒட்டும்போது அதற்கு மேல் உள்ளது எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் காணாமல் போகும். ஷெல்லின் கட்டளை வரியிலும் எடிட்டர்களிலும் இந்தச் சிக்கல் இல்லை. அவை வரி சேர்க்கும் நிலையை அணைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் உடனுக்குடன் தாங்களே வாங்கிக்கொள்கின்றன.

படி 7: தூங்கும் நிரலை எழுப்புதல்

உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும் நிரல் சிபியுவைத் தொடுவதே இல்லை. படிக்கக் கேட்டபோது பஃபர் காலியாக இருந்ததால், கெர்னல் அதைக் காத்திருப்போர் வரிசையில் போட்டுத் தூங்க வைத்துவிட்டது. வரி முழுமையானதும் அந்த வரிசையில் இருப்பவரை எழுப்பி, ஓடத் தகுதியானவர் பட்டியலில் சேர்க்கிறது. அதன் முறை வந்ததும் பைட்டுகள் கெர்னல் நினைவகத்திலிருந்து நிரலின் நினைவகத்துக்கு நகலாகின்றன.

படி 8: வரைகலைத் திரையும் தமிழ்99-உம்

டெஸ்க்டாப்பில் கெர்னலின் பங்கு நான்காம் படியோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. எண்களை லிப்இன்புட் என்ற நூலகம் படிக்கிறது. சாளரங்களைத் திரையில் அடுக்கிக் காட்டும் நிரலான வேலாண்ட் கம்பாசிட்டர் அதை முகப்பில் உள்ள சாளரத்துக்கு அனுப்புகிறது. எந்த எழுத்து என்பதை எக்ஸ்கேபி அட்டவணை தீர்மானிக்கிறது. வேலாண்டுக்கு முந்தைய வரைகலை அமைப்பான எக்ஸின் மரபின்படி இங்கே கீகோடோடு 8 கூட்டப்படுவதால் "ஏ" 38 ஆகத் தெரியும். கெர்னலின் மறுபதிவான 2-ஐயும் இங்கே யாரும் மதிப்பதில்லை, விசையைப் பிடித்திருக்கும்போது எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதை மேலே உள்ளவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 என்ற தட்டச்சு முறைக்கு வெறும் அட்டவணை போதாது. "எச்" விசை "க". "எஸ்" விசை "இ". ஆனால் அடுத்தடுத்துத் தட்டினால் "கஇ" அல்ல, "கி" வர வேண்டும். "எச்" இரண்டு முறை தட்டினால் "க்க" என்று புள்ளி தானாக விழ வேண்டும். முன்னால் என்ன தட்டினோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் தேவை. ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை நிரல் அந்த வேலையைச் செய்கிறது. கெர்னலைப் பொறுத்தவரை நீங்கள் தட்டியது 35, 31. அல்லது 35, 35.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. கேப்ஸ் லாக் விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றுவதில்லை. விசை அழுந்தியது என்று மட்டும் சொல்கிறது. விளக்கை ஏற்று என்ற ஆணை மேலிருந்து கெர்னல் வழியாகத் திரும்பி வந்தால்தான் ஏறும். கணினி உறைந்த மாதிரி தெரிந்தால் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் இந்தப் பாதை முழுக்க உயிரோடு இருக்கிறது. மாறாவிட்டால் உடனே கெர்னலைக் குறை சொல்ல வேண்டாம், டெஸ்க்டாப் மட்டும் உறைந்திருக்கலாம். அப்போது சிஸ்ஆர்க்யூவை முயலுங்கள்.

கோளாறு எந்தப் படியில் என்று பிடிப்பது

எவ்டெஸ்டை நடுக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எண் சரியாக வருகிறதென்றால் சிக்கல் அதற்கு மேலே: எழுத்து அட்டவணை, உள்ளீட்டு முறை, அல்லது நிரல். அங்கேயே தவறாக வந்தால் கீழே: டிரைவர், வயர், அல்லது விசையேதான்.

என் யுஎஸ்பி கீபோர்டில் சில மாதங்களுக்கு முன் "மரம்" என்று தட்டினால் அவ்வப்போது "ம்மரம்" என்று வந்தது. தமிழ்99-இல் தானாகப் புள்ளி விழும் வசதிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். உள்ளீட்டு முறையை நீக்கி மறுபடி நிறுவினேன், பலனில்லை. அப்புறம்தான் எவ்டெஸ்டை ஓட்டி "ம"வுக்குரிய விசையை மட்டும் நூறு முறை நிதானமாகத் தட்டினேன். பெரும்பாலும் 37 அழுந்தியது, 37 விடுபட்டது என்று ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் நடுநடுவே ஒரே தட்டலுக்கு 1, 0, 1, 0 என்று நான்கு நிகழ்வுகள். முதலாவது 0-க்கும் அடுத்த 1-க்கும் இடையே பத்து, பன்னிரண்டு மில்லிநொடிதான் இருந்தது. எந்த விரலாலும் அவ்வளவு வேகமாக எடுத்துவிட்டு மறுபடி அழுத்த முடியாது. முதல் படியில் சொன்ன அதே துள்ளல். தேய்ந்த ஸ்விட்ச், கீபோர்டின் சில்லு பொறுத்திருக்கும் நேரத்தையும் தாண்டித் துள்ளியிருக்கிறது. கெர்னல் தனக்கு வந்த எண்ணை நம்பி மேலே அனுப்பியது. உள்ளீட்டு முறையும் இரண்டு மகரம் வந்தால் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தது.

விசை மூடியைக் கழற்றி, ஸ்விட்சில் இரண்டு சொட்டு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் விட்டு, ஐம்பது அறுபது முறை அழுத்தி, காயவிட்டேன். மறுபடி எவ்டெஸ்டில் நூறு தட்டல். நூறுக்கும் 1, 0 மட்டுமே வந்தது.